செல் மாத்தியும் டைம் பின்னாடியே போகுதா? கம்ப்யூட்டர் கடிகாரம் எங்க கோட்டை விடுது

கம்ப்யூட்டர்ல டைம் தப்பா காட்டுதுன்னு சொன்னதும் யாரைக் கேட்டாலும் வர்ற பதில் ஒண்ணுதான், மதர்போர்டுல இருக்குற சின்ன பேட்டரி, அதாவது செல் போயிடுச்சு, மாத்துங்க. பல நேரம் அது சரியாவும் இருக்கும். ஆனா சிஸ்டம் ஆன்ல இருக்கும்போதே, முன்னாடி உக்காந்து வேலை பாத்துட்டு இருக்கும்போதே மணிக்கு ரெண்டு நிமிஷம் பின்தங்குதுன்னா அந்த செல்லுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, டஜன் கணக்குல செல் வாங்கிப் போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல டைமை எண்ணிட்டு இருக்குறது வேற ஆள். அது எந்த ஆள், எந்த நிலைமைல தப்பு பண்ணுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

## ஒரு கடிகாரம் இல்ல, மூணு

1. போர்டு கடிகாரம். ஆர்டிசின்னு சொல்லுவாங்க, ரியல் டைம் க்ளாக். 1984ல வந்த ஐபிஎம் பிசி ஏடில இது மோட்டரோலா சிப்பா தனியா உக்காந்திருந்தது, இப்போ போர்டுல சிபியுக்குத் துணையா இருக்குற சிப்செட்டுக்குள்ளயே போயிடுச்சு. ஒரு குட்டி குவார்ட்ஸ் கிரிஸ்டல் செகண்டுக்கு 32,768 தடவை அதிரும், அந்த எண்ணை ரெண்டால 15 தடவை வகுத்துட்டே வந்தா மிஞ்சுறது 1, அதாவது சரியா ஒரு செகண்ட். கைக்கடிகாரத்துல இருக்குற அதே சமாச்சாரம்தான். கரண்ட் இல்லாதப்ப இதுக்கு சோறு போடுறதுதான் சிஆர்2032 செல்.

2. ஓஎஸ் கடிகாரம், அதாவது விண்டோஸ், லினக்ஸ் வச்சிருக்குறது. திரையோட மூலைல தெரியுறது இதுதான். பூட் ஆகும்போது ஆர்டிசி கிட்ட மணி என்னன்னு கேட்டுக்கும், அதுக்கப்புறம் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பாது, சிபியுலயும் சிப்செட்லயும் இருக்குற வேற கவுண்டர்களை வச்சு தானே எண்ணிக்கும்.

3. நெட் கடிகாரம். என்டிபின்னு ஒரு முறைல வெளி சர்வர் கிட்ட அப்பப்போ கேட்டு ஓஎஸ் கடிகாரத்தைத் திருத்திக்கிறது. இது நல்லா வேலை செஞ்சா மத்த ரெண்டும் பண்ற தப்பு வெளியவே தெரியாது, அதனாலயே நிறைய கோளாறு வருஷக்கணக்குல கண்ணுக்குப் படாம இருக்கு.

சிஸ்டம் ஓடும்போது டைம் தப்புனா ரெண்டாவது ஆள் மேல சந்தேகப்படணும். பவர் ஆஃப்ல இருந்துட்டு வந்தா தப்புதுன்னா முதல் ஆள். ஸ்லீப்புக்குப் போயிட்டு வந்தா தப்புதுன்னா ஒருத்தர் கிட்ட இருந்து இன்னொருத்தருக்குக் கை மாறுற இடத்துல ஓட்டை.

## எவ்வளவு தப்புனா நார்மல்

கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போறதுக்குப் பேர் டிரிஃப்ட். இதை பிபிஎம்ல அளப்பாங்க, பத்து லட்சத்துல எத்தன பங்கு தப்புன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், அதனால 1 பிபிஎம் தப்புனா நாளைக்கு 0.0864 செகண்ட் விலகும். சாதாரண ஆர்டிசி கிரிஸ்டலுக்கு 20 பிபிஎம் வரை தப்பு அனுமதி உண்டு, அப்படின்னா நாளைக்கு 1.7 செகண்ட், மாசத்துக்குக் கிட்டத்தட்ட 50 செகண்ட். இது ரிப்பேர் இல்ல, பொருளோட இயல்பே அதுதான்.

சூடும் சேரும். இந்த வகை கிரிஸ்டல் 25 டிகிரில சரியா ஓடுற மாதிரி வெட்டியிருப்பாங்க, அதுக்கு மேல போனாலும் கீழ போனாலும் மெதுவாதான் ஆகும், வேகமாகாது. கேபினட்டுக்குள்ள 45 டிகிரி இருந்தா சுமார் 14 பிபிஎம், நாளைக்கு 1.2 செகண்ட் கூடுதலா பின்தங்கும். சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல ஓடுற டெஸ்க்டாப்புக்கு 45 டிகிரி ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் நல்ல நிலைல இருக்குற கிரிஸ்டல் 100 பிபிஎம்மைத் தாண்டாது, அதாவது நாளைக்கு 8 செகண்ட் சொச்சம். என்டிபி நிரலே நைசா இழுத்துத் திருத்துறதுக்கு 500 பிபிஎம்தான் எல்லைன்னு வச்சிருக்கு, நாளைக்கு 43 செகண்ட். உங்க சிஸ்டம் ஓடும்போது அதையும் தாண்டி நிமிஷக்கணக்குல போகுதுன்னா கிரிஸ்டலைத் திட்டாதீங்க, எண்ணுற முறைலதான் கோளாறு.

## ஓடும்போது எண்ணுறது யாரு

ஓஎஸ்ஸுக்கு எண்ணிக் குடுக்க நாலு ஆள் இருக்காங்க. பழசு பிஐடி, செகண்டுக்கு 11,93,182 துடிப்பு. அடுத்து ஏசிபிஐ பவர் மேனேஜ்மென்ட் டைமர், 35,79,545 துடிப்பு, இந்த எண் அமெரிக்கக் கலர் டிவி சிக்னல்ல இருந்து வந்தது, அந்தக் காலத்துல அந்த கிரிஸ்டல் சல்லிசா கிடைச்சுதுன்னு போட்டது இன்னிக்கு வரை ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணாவது ஹெச்பெட், பொதுவா 14.3 மெகாஹெர்ட்ஸ். நாலாவது டிஎஸ்சி, 1993 பென்டியம்ல இருந்து சிபியுக்குள்ளயே இருக்குற கவுண்டர்.

டிஎஸ்சியைப் படிக்க சில பத்து நானோ செகண்ட் போதும், ஹெச்பெட்டைப் படிக்க ஒரு மைக்ரோ செகண்ட் அளவுக்கு ஆகும். டேட்டாபேஸ், கேம் மாதிரி நிரல்கள் செகண்டுக்கு லட்சக்கணக்குல டைம் கேக்கும்ங்கிறதால ஓஎஸ் எப்பவும் டிஎஸ்சியைத்தான் விரும்பும். வேகமானவரு நம்பிக்கையானவரா இருந்தாரான்னு பாத்தா, ரொம்ப நாளைக்கு இல்ல.

## பவர் மேனேஜ்மென்ட் கை வைக்குற இடம்

கரண்டை மிச்சப்படுத்த சிபியு ரெண்டு காரியம் பண்ணும். வேலை கம்மியா இருந்தா வேகத்தைக் குறைச்சுக்கும், வேலையே இல்லைன்னா தூங்கிடும். இந்தத் தூக்கத்துக்கு சி-ஸ்டேட்னு பேரு, நம்பர் ஏற ஏற ஆழமான தூக்கம், கண் சிமிட்டுற நேரத்துல பல தடவை போயிட்டு வரும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஆரம்பத்துல டிஎஸ்சி சிபியு சைக்கிளைத்தான் எண்ணுச்சு. 2 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற சிபியு 1க்கு இறங்குனா டிஎஸ்சியும் பாதி வேகத்துல எண்ணும், ஓஎஸ் அதைக் கவனிக்கலைன்னா ரெண்டு செகண்டை ஒரு செகண்ட்னு நம்பிடும். ஆழமா தூங்குனா எண்ணுறதையே நிறுத்திடும். டூயல் கோர் வந்ததும் இன்னொரு தலைவலி, ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2ல ரெண்டு கோரோட டிஎஸ்சியும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போச்சு, கேம்ல கேரக்டர் திடீர்னு முன்னாடி பாயும் இல்ல பின்னாடி இழுக்கும், கடைசில ஏஎம்டியே விண்டோஸ் எக்ஸ்பிக்காக டூயல் கோர் ஆப்டிமைசர்னு தனி நிரல் விட்டாங்க. இன்டெல்ல 2008ல வந்த நெஹாலம் சிபியுல இருந்து வேகம் மாறுனாலும் தூங்குனாலும் ஒரே சீரா எண்ணுற டிஎஸ்சி வந்துச்சு, ஏஎம்டி பக்கமும் அதே காலகட்டத்துல வந்துச்சு. இன்னிக்கு இருக்குற சிபியுல டிஎஸ்சி கிட்டத்தட்ட நல்ல பிள்ளைதான்.

அப்புறமும் பிரச்சினை வந்துச்சு, அதுவும் ஒரு வேடிக்கையான வழில. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் அப்போ டிஎஸ்சியை முழுசா நம்பல, பக்கத்துல ஹெச்பெட்டைக் காவலுக்கு வச்சு அப்பப்போ ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு, பொருந்தலைன்னா டிஎஸ்சி நிலையா இல்லைன்னு லாக்ல, அதாவது தன் பதிவுல எழுதி அதை ஒதுக்கிச்சு. இன்டெல்லோட காஃபி லேக் தலைமுறை சிபியு இருக்குற மெஷின் சிலதுல மொத்த சிப்பும் பிசி10ங்கிற ரொம்ப ஆழமான தூக்கத்துக்குப் போனா விலகிப் போனது ஹெச்பெட். டிஎஸ்சி சரியாத்தான் எண்ணிட்டு இருந்துச்சு, ஆனா காவக்காரரு தூங்கி எழுந்து தன் கணக்குதான் சரின்னு நின்னாரு, கெர்னலும் அவரை நம்பி ஒழுங்கா இருந்தவரை வெளிய அனுப்பிடுச்சு. 2019ல அந்த மெஷின்கள்ல ஹெச்பெட்டையே முடக்குற மாதிரி கெர்னலைத் திருத்துனாங்க. லாக்ல டிஎஸ்சி தப்புன்னு வந்தா உடனே நம்பிடக் கூடாதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

## ஃபர்ம்வேர் பண்ற வேலை

ஃபர்ம்வேர்னா போர்டுக்குள்ளயே எழுதி வச்சிருக்குற நிரல், நாம பயாஸ்னு சொல்றது, இப்போ யுஇஎஃப்ஐ. பூட் முடிஞ்சதும் அது ஒதுங்கிடும்னு நினைப்போம், ஒதுங்காது. எஸ்எம்ஐன்னு ஒரு தனி வகை குறுக்கீடு இருக்கு, அது வந்தா சிபியு ஓஎஸ்ஸை அப்படியே உறைய வச்சுட்டு ஃபர்ம்வேர் வேலையைப் பாத்துட்டுத் திரும்பும். ஃபேன் வேகம், பேட்டரி நிலவரம், பழைய யுஎஸ்பி கீபோர்டு ஆதரவு இதெல்லாம் இந்த வழில நடக்கும். ஓஎஸ்ஸுக்குத் தான் உறைஞ்சு போனதே தெரியாது.

பழைய கெர்னல் மில்லி செகண்டுக்கு ஒரு டிக் எண்ணிட்டு இருந்தப்ப இது நேரடியா அடிச்சுது. ஃபர்ம்வேர் 3 மில்லி செகண்ட் பிடிச்சு வச்சா அதுக்குள்ள மூணு டிக் வந்திருக்கும், ஆனா காத்திருக்க ஒரு டிக்குக்குத்தான் இடம், மத்த ரெண்டும் காணாமப் போயிடும். பேட்டரி எவ்வளவுன்னு பாக்குறதுக்காக செகண்டுக்கு ஒரு தடவை இப்படி நடந்தா நாளைக்குக் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் பின்தங்கும். இப்போ ஓஎஸ் டிக்கை எண்ணாம கவுண்டரைப் படிக்குறதால இந்த வகை ரொம்பக் குறைஞ்சுது. ஆனா சில பயாஸ் தான் எடுத்துக்கிட்ட நேரத்தை மறைக்குறதுக்காக டிஎஸ்சி எண்ணையே திருத்தி வைக்கும், கணக்குப் பிள்ளை கல்லால கை வச்சுட்டு பேரேட்டையும் திருத்துற மாதிரி. அதனாலதான் லினக்ஸ் இப்போ டிஎஸ்சி திருத்தத்துக்கான ரெஜிஸ்டரை அப்பப்போ சோதிச்சு, மாத்தியிருந்தா ஃபர்ம்வேர் பக்னு லாக்ல எழுதிட்டுப் பழைய எண்ணைத் திருப்பி வைக்குது.

இன்னொண்ணு அளவு பிடிக்குறது. டிஎஸ்சி எண்ணும், ஆனா எத்தன எண்ணுனா ஒரு செகண்ட்? பழைய போர்டுல பூட் நேரத்துல இன்னொரு டைமரோட சில மில்லி செகண்ட் ஒப்பிட்டு அளவு பிடிக்கும், அந்த நேரம் பாத்து ஒரு எஸ்எம்ஐ வந்துட்டா அளவே தப்பாயிடும், அடுத்த ரீபூட் வரைக்கும் அதே தப்போட ஓடும். புது இன்டெல்ல கிரிஸ்டல் வேகத்தைத் தெரிஞ்சுக்கிட்டு அதுல இருந்தே கணக்குப் போடும், அங்கயும் சறுக்குனாங்க. ஸ்கைலேக்-எக்ஸ் வகை சிபியுக்கு கெர்னல்ல 25 மெகாஹெர்ட்ஸ்னு எண்ணை நேரா எழுதி வச்சிருந்தாங்க. அதே மாடல் நம்பர் உள்ள வொர்க்ஸ்டேஷன்ல இருந்ததோ 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், தப்பு 4 சதவீதம், ஒரு நாள் முழுக்க ஓடுனா 57 நிமிஷம்! சர்வர்ல கிரிஸ்டல் 25தான், ஆனா ரேடியோ இரைச்சலைக் குறைக்குறதுக்கு வச்ச சர்க்யூட் அந்த வேகத்தைக் கொஞ்சம் இழுத்துடுச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு செகண்ட் போச்சு. 2018 தொடக்கத்துல அந்த எண்ணைத் தூக்குனாங்க. இதுல செல் மாத்தி என்ன ஆகப் போகுது?

அந்த இரைச்சல் குறைக்குற விஷயம் வீட்டு போர்டு பயாஸ்லயும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்ங்கிற பேர்ல இருக்கும். ஓவர்க்ளாக் பண்றவங்க, அதாவது சிபியுவை நிர்ணயிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறவங்க தொடுற பேஸ் க்ளாக்கும் (சிபியு வேகத்துக்கு அடிப்படையான துடிப்பு) இதே குடும்பம்தான், விண்டோஸ் 8 ஓடும்போதே பேஸ் க்ளாக்கை மாத்துனா கடிகாரமே தப்பா ஓடி பெஞ்ச்மார்க் ஸ்கோர் பொய்யா ஏறுதுன்னு 2013 ஆகஸ்ட்ல ஓவர்க்ளாக் ஸ்கோரை வரிசைப்படுத்துற ஹெச்டபிள்யூபாட் தளம் அந்த ஓஎஸ்ல எடுத்த ரிசல்ட்டையே ஏத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

## ஸ்லீப்ல கை மாறும்போது

சிஸ்டம் ஸ்லீப்ல இருக்கும்போது ஓஎஸ்ஸால எண்ண முடியாது, எழுந்ததும் ஆர்டிசி கிட்ட கேட்டு எவ்வளவு நேரம் தூங்குனோம்னு கூட்டிக்கும். ஃபர்ம்வேர் இந்த இடத்துல சொதப்புனா மூடியை மூடுன நேரத்துலயே கடிகாரம் நிக்கும், ராத்திரி 11:40க்கு மூடுன லேப்டாப் காலைல திறந்தா 11:40ல இருந்தே ஓட ஆரம்பிக்கும். விண்டோஸ் 8ல வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் இங்க சேர்த்துக்கோங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன்ங்கிறது முழு ஷட்டவுன் இல்ல, கெர்னலை டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத் தூங்குறதுதான்.

விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல்2 வச்சிருக்குறவங்களுக்குத் தனி அனுபவம், லேப்டாப் தூங்கி எழுந்தா விண்டோஸ் சரியான டைம் காட்டும், உள்ள இருக்குற லினக்ஸ் மட்டும் சில நேரம் பழைய நேரத்துலயே இருக்கும், பேக்கேஜ் அப்டேட் போட்டா ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகலைன்னு திட்டும்.

## டைம் தப்புனா என்ன கெட்டுப் போகும்

பிரவுசர் சர்டிஃபிகேட் தேதியைச் சரி பாக்கும், கடிகாரம் வருஷக்கணக்குல பின்னாடி இருந்தா பேங்க் சைட்டே திறக்காது. ஆத்தென்டிகேட்டர் ஆப் தர்ற ஆறு இலக்கம் 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறும், அந்த ஆப் ஓடுற மெஷின்ல ஓரிரு நிமிஷம் தப்புனாலே லாகின் ஆகாது. ஆபீஸ் நெட்வொர்க்ல லாகினைச் சரி பாக்குற கெர்பரோஸ் முறை வழக்கமா 5 நிமிஷம் வரைதான் பொறுக்கும். இந்தியாவுல 2022 ஏப்ரல் 28ல அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி கம்பெனிங்க தங்களோட சிஸ்டம் கடிகாரத்தை என்ஐசி (தேசிய தகவல் மையம்) இல்லைன்னா டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட என்டிபி சர்வரோட, இல்லைன்னா அதுங்களோட ஒத்துப் போற சர்வரோட சிங்க் பண்ணியே ஆகணும், ஏன்னா நாலு சர்வரோட லாக்ல நாலு நேரம் இருந்தா யாரு எப்போ உள்ள புகுந்தாங்கன்னே வரிசைப்படுத்த முடியாது.

## கண்டுபிடிக்குற வழி

முதல்ல தப்போட அளவைப் பாருங்க. சரியா 5 மணி 30 நிமிஷம் தப்புனா அது டிரிஃப்டே இல்ல. விண்டோஸ் ஆர்டிசில உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா மாத்தி மாத்தி அஞ்சரை மணி நேரம் தள்ளும். ரெண்டுல ஒண்ணை இன்னொண்ணோட வழிக்குக் கொண்டு வந்தா முடிஞ்சுது, ஸ்க்ரூடிரைவரே தேவையில்ல.

இல்லைன்னா நெட் டைம் சிங்க்கை ஆஃப் பண்ணிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணிட்டு இந்த மூணு சோதனையைப் பண்ணுங்க. சிங்க்கை ஆஃப் பண்ணாம இதுல இறங்கவே கூடாது, லினக்ஸ் சிங்க்ல இருக்கும்போது 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிசியையும் திருத்தி வச்சுடும், குற்றவாளியோட கைரேகையை நாமளே துடைச்ச மாதிரி ஆயிடும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னாடி ஃபோன் டைமோட செகண்ட் வரைக்கும் ஒப்பிட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க.

1. ஆறு மணி நேரம் ஸ்லீப் போகாம ஓட விடுங்க. ரெண்டு செகண்டுக்குள்ள தப்புனா ஓஎஸ் கடிகாரம் நல்லா இருக்கு. நிமிஷக்கணக்குல தப்புனா ரீபூட் பண்ணி மறுபடி அளங்க, ஒவ்வொரு பூட்டுக்கும் தப்போட வேகம் மாறுதுன்னா அளவு பிடிக்குற இடத்துல கோளாறு, எப்பவும் ஒரே அளவுன்னா எண் எங்கயோ தப்பா இருக்கு இல்லைன்னா பேஸ் க்ளாக் நகர்ந்திருக்கு.

2. ஆறு மணி நேரம் ஸ்லீப்ல விடுங்க. இதுல மட்டும் தப்புனா பயாஸ் அப்டேட்தான் முதல் வேலை.

3. ஷட்டவுன் பண்ணி பிளக்கையும் பிடுங்கி ஆறு மணி நேரம். இதுல மட்டும் தப்புனா, அப்பதான் செல்.

மூணாவதுல பிளக் பிடுங்குறது முக்கியம். பிளக்குல கரண்ட் இருக்குற வரை சிஸ்டம் ஆஃப்ல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி தர்ற ஸ்டாண்ட்பை கரண்ட்லயே ஆர்டிசி ஓடிடும், செல் சும்மா இருக்கும். நம்ம ஊர்ல வேலை முடிஞ்சதும் சுவர் ஸ்விட்ச்சையே ஆஃப் பண்ற பழக்கம், அதனால இங்க செல் சீக்கிரம் தீர்றதும் நியாயம்தான்.

## திருத்தும்போது கவனிக்க வேண்டியது

செல்லைக் கழட்டுறதுக்கு முன்னாடி பயாஸ் செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஃபோன்ல படம் பிடிச்சுக்கோங்க, டிஸ்க்கைப் பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீ கைல இருக்கான்னு பாத்துக்கோங்க. செல்லை எடுத்தாலோ பயாஸ் அப்டேட் போட்டாலோ அடுத்த பூட்ல அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிக்கலாம், டைமைச் சரி பண்ணப் போயி டிஸ்க்கே திறக்காத கதை ஆகிடும். மீட்டர்ல வச்சா புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும், 2.7க்குக் கீழ இருந்தா யோசிக்காம மாத்திடுங்க. புது லேப்டாப் பலதுல தனி செல்லே கிடையாது, பெரிய பேட்டரிலயே ஆர்டிசி ஓடும், முழுசா இறங்கிப் போனா தேதியை மறந்துடும்.

ஓடும்போது தப்புற வகைக்கு, ஓவர்க்ளாக்கை எடுத்துட்டு பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டு வந்து, ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரத்தை ஆஃப் பண்ணி மறுபடி அளங்க. கேம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃபிரேம்) கூடும்னு யாரோ வீடியோல சொன்னாங்கன்னு பூட் செட்டிங்ல ஹெச்பெட்டைக் கட்டாயப்படுத்தியிருந்தா அதையும் எடுத்துடுங்க, மைக்ரோசாஃப்ட் அதை டீபக், அதாவது பிழை தேடுற வேலைக்குன்னுதான் வச்சிருக்கு. ஆழமான சி-ஸ்டேட்டை பயாஸ்ல ஆஃப் பண்ணிப் பாக்குறது நல்ல சோதனை, ஆனா அதையே தீர்வா வச்சுக்காதீங்க, லேப்டாப் சூடாகும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். ரெண்டு டைம் சிங்க் நிரல் ஒரே நேரத்துல ஓடுதான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, ஒண்ணு முன்னாடி தள்ள இன்னொண்ணு பின்னாடி இழுக்க டைம் குதிச்சுட்டே இருக்கும்.

மூணாவது சோதனைல தப்பு, செல்லும் புதுசு, அப்படியும் நாளைக்கு நிமிஷக்கணக்குல போகுதுன்னா சிப்செட் பக்கத்துல வெள்ளி நிறத்துல இருக்குற அந்த 32,768 கிரிஸ்டலோட காலைப் பாருங்க. ரொம்பக் கம்மி கரண்ட்ல அதிர்றது அது, அங்க படிஞ்ச ஈரமும் தூசியும், ரிப்பேர் பண்ணப்ப துடைக்காம விட்ட ஃப்ளக்ஸும் (பற்றவைக்கப் போடுற பசை) போதும் அதை மெதுவாக்க. பிளக்கைப் பிடுங்கி செல்லையும் எடுத்துட்டு ஐசோபிரோபைல் ஆல்கஹால்ல பிரஷ் நனைச்சுத் துடைச்சு, நல்லா காய விட்டு, மறுபடி ஆறு மணி நேரம் அளந்து பாருங்க. அப்பவும் மாறலைன்னா கிரிஸ்டலையே மாத்தணும், அது சில்லு வேலை பாக்குறவங்க கிட்ட போக வேண்டிய கேஸ்.